மதுரையில் ஓர் எண்ணெய்க்குக் குளிரெடுத்த கதை

வாடிப்பட்டிக்குச் சற்று முன்னால், நெல்வயலுக்கும் நான்குவழிச் சாலைக்கும் நடுவில் இருக்கிறது பாண்டியம்மாவின் ஐஸ் ஃபேக்டரி. அங்கே பொழுது விடிவது மற்ற இடங்களில் விடிவது போல இருக்காது. வெளிச்சம் கதவு வழியாக வருவதற்கு முன்பே தரையிலிருந்து கிளம்பிவிட்ட மாதிரி ஒரு வெண்மை. உப்புத்தண்ணீர்த் தொட்டியை மூடியிருக்கும் பலகைகளின் இடுக்கில் மெல்லிய புகை கசிந்து, கணுக்கால் உயரத்தில் தவழ்ந்து, யாரையோ தேடுவது போல வாசல் வரைக்கும் போய்க் கரையும்.

அந்தப் பலகைகளில் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு, நானும் எஸ்தர் டீச்சரும் குனிந்து ஒரு தகரக் கேனுக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐஸ் பார் உறைய வைக்கிற கேன்தான். ஆனால் உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை, எண்ணெய். முந்தின நாள் சாயங்காலம் ஊற்றும்போது தேன் மாதிரி தெளிவாக இருந்தது. இப்போது டார்ச் வெளிச்சத்தில் அதன் ஆழத்திலே ஒரு வெள்ளை. முதலில் நூலாக, பிறகு பஞ்சாக, பிறகு நமக்குத் தெரிந்த எந்தப் பொருளாகவும் இல்லாமல், மேகம் மாதிரி திரண்டுகொண்டிருந்தது.

“டீச்சர், தெரியுதா?”

“மெதுவாப் பேசுங்க சார்,” என்றார் டீச்சர். தூங்குகிற பிள்ளையை எட்டிப் பார்க்கிறவர்களின் குரல்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் மற்றவர்கள் விடிகாலையில் நடைப்பயிற்சி போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். நான் ஓர் எண்ணெய்க்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படி வந்து சேர்ந்தேன் அந்த இடத்துக்கு என்பதுதான் இந்த வாரக் கதை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை

கப்பலூர் தொழிற்பேட்டையில், வரிசையாக இருக்கும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு நடுவே எங்களுடையது ஒன்று. முதலாளி சோலை அண்ணன், இஞ்சினியர் நான். மதுரைக்கு மேற்கே வயலும் தோப்புமாக இருந்த குடும்பத்திலிருந்து கிளம்பி வந்து இரும்பில் கை வைத்தவர். என்னை ‘மாப்ள’ என்பார். உறவெல்லாம் இல்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு உறவு தேவைப்படுவதில்லை.

பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் கடலோரத்தில் நகரம் மாதிரி நிற்கும். எங்களுடையது அதற்குப் பேரன் முறை கூட ஆகாது. எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் ஒரு வாலை, அதன் தலையில் ஒரு டவர், காற்றை உறிஞ்சும் பம்பு, எண்ணெயை வெளுக்கும் மண் போட்ட தொட்டி. அம்புட்டுதான். கச்சா எண்ணெயிலிருந்து பெரிய ஆலைகள் பிரித்தெடுத்த ஒரு பகுதியை வாங்கிவந்து, மறுபடி காய்ச்சி, வடித்து, வெளுத்து, யாரும் அதிகம் செய்யாத எண்ணெய்களாக மாற்றுவோம். நூற்பு மில்லின் ஸ்பிண்டிலுக்கு ஒன்று. தையல் மிஷினுக்கு ஒன்று. ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரஸருக்கு ஒன்று.

இதில் ஐஸ் கம்ப்ரஸர் எண்ணெய்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்றி வந்தது. மற்றதை எவர் வேண்டுமானாலும் செய்யலாம். இது மட்டும் கடுங்குளிரிலும் கட்டியாகாமல் ஓட வேண்டும். எங்களுடையது ஓடியது. அதற்குக் காரணம் என் திறமை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் கச்சா எண்ணெய். நாங்கள் வாங்கி வந்தது ஒரே வகை. பிறவியிலேயே அதில் மெழுகு கிடையாது. மெழுகு இல்லாத எண்ணெய் குளிரில் உறையாது. நான் வாலையில் உட்கார்ந்து என்ன செய்தாலும், செய்யாமல் பேப்பர் படித்தாலும், அது ஓடத்தான் செய்யும்.

ஒரு நாள் அந்த வகை வருவது நின்றுபோனது. எங்கோ கடல் தாண்டி என்னவோ தகராறு, கப்பல் வேறு பக்கம் திரும்பிவிட்டது என்றார்கள். உலக அரசியல் கப்பலூருக்கு இப்படித்தான் வந்து சேரும். காலி பேரலாக.

சோலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “மாப்ள, வேற குருடாயில்ல இருந்து எடுத்தத வாங்கி இந்த ஐஸ் எண்ணெயப் போட முடியுமா முடியாதா? ஒத்த வார்த்தையில சொல்லு.”

“பாக்கணும்ணே.”

“இது ரெண்டு வார்த்தையா இருக்கே.”

பிறகு சன்னல் வழியாக டவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வெயில் காலம் வருது. ஐஸ் போடுறவய்ங்க எண்ணெய் மாத்துற நேரம். அதுக்குள்ள ஆச்சுன்னா வாலை எரியட்டும். ஆகலைன்னா டவரை இறக்கிட்டு, சும்மா வாங்கி டப்பால ஊத்தி விக்கிற யாவாரத்தப் பாப்போம். எனக்கும் வயசாகுதுல்ல.”

நியாயமான பேச்சு. ஆனால் காய்ச்சி வடிப்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது. டப்பாவில் ஊற்றி விற்பதற்குச் சிரித்துப் பேசத் தெரிய வேண்டும்.

மூன்று பேரல்கள்

புதிதாக மூன்று இடத்திலிருந்து மூன்று பேரல் வரவழைத்தோம். மூன்றும் மூன்று வெவ்வேறு கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தவை. மூடியைத் திறந்து ஒவ்வொன்றையும் மோந்து பார்த்த மத்தியானம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒன்று பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி. ஒன்று மழைக்கு முந்தின மண் மாதிரி, அடியில் லேசாகக் கந்தகம். மூன்றாவதற்கு வாசனையே இல்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

எந்தக் காலத்துக் கடலோ. அதில் மிதந்த பாசி எதுவோ. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்து, மண்ணுக்கடியில் படிந்து, மனிதன் என்று ஒருவன் வரப்போகிறான் என்ற தகவலே இல்லாமல் கறுத்து, கடைசியில் கப்பலூர் தொழிற்பேட்டையில், டீக்கடைக்கு எதிரே, என் மூக்குக்கு வந்து சேர்கின்றன. இப்படி யோசித்துக்கொண்டு பேரல் ஓரத்தில் நின்றேன். சோலை அண்ணன் தூரத்திலிருந்து கத்தினார். “மாப்ள, எம்புட்டு நேரம் மோப்பம் பிடிப்ப? கேஸு மண்டைக்கு ஏறிரும்!”

என் வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, “உங்களுக்கு ஏற்கெனவே ஏறித்தான் இருக்கு” என்றாள்.

பழைய எண்ணெய்க்குப் பழகிய வாலை, புதிய எண்ணெய்க்கு முரண்டு பிடித்தது. ஒன்றுக்குச் சூட்டைக் குறைத்து, காற்றை இன்னும் உறிஞ்ச வேண்டியிருந்தது. இன்னொன்றுக்கு வெளுக்கும் மண்ணை இரண்டு தரம் போட வேண்டியிருந்தது. வாசனை இல்லாதது டவரின் பாதியில் நுரைத்து ஏறி, மேலே போக வேண்டியதும் கீழே நிற்க வேண்டியதும் ஒன்றாகக் கலந்து வெளியே வந்தது. மறுபடி காய்ச்சினோம். மாசி வெயிலில் வாலை அடியில் நின்று நான் இளைத்தேன் என்று எழுத ஆசை. இளைக்கவில்லை. டீயும் வடையும் கைவசம் இருந்தன.

கடைசியில் மூன்றுமே தெளிந்தன. பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு எதிரே காட்டினால் எதிர்ப்பக்கத்துச் சாலை பொன்னிறமாகத் தெரிந்தது. லாரிகள் தேனுக்குள் மெல்ல நீந்திப் போயின.

சாமி அலமாரி

இங்கே எங்கள் ஆபீசில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

சோலை அண்ணன் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு மர அலமாரி. அதில் மீனாட்சி, அவருடைய குலசாமி, பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. எங்களிடம் எண்ணெய் வாங்கும் பஸ் கம்பெனிக்காரர் கொடுத்த மெக்கா படம் ஒன்றும் உண்டு. எல்லாருக்கும் பொதுவாக ஓர் அணையா விளக்கு. எந்தப் புது எண்ணெய் காய்ச்சினாலும் முதல் பாட்டில் அந்த விளக்கடியில் ஒரு பகல், ஓர் இரவு இருக்க வேண்டும். அடுத்த நாள்தான் பரிசோதனைக்குப் போகும். தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். பழைய எண்ணெய் அத்தனை பாட்டிலும் அங்கே இருந்து அருள் பெற்றுத்தான் வெளியே போனது.

பரிசோதனை எஸ்தர் டீச்சரின் பொறுப்பு. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் காலை நேரத்தில் மட்டும் எங்கள் சோதனை அறைக்கு வருகிறார். கண்ணாடிக் குழாயைக் கழுவும்போது கூட மாணவர்களை மிரட்டுகிற பாவனை மாறாது. அவரும் அலமாரி வழக்கத்தில் தலையிட்டதில்லை. “எங்க ஸ்கூல்லயும் பரீட்சைக்கு முன்னாடி ஜெபம் உண்டு சார்,” என்பார்.

மதுரையில் ஒரு பொருள் குளிரில் எப்படி இருக்கும் என்று கண்டுபிடிப்பது லேசு இல்லை. இங்கே குளிர் என்பது கொடைக்கானலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய ஒன்று. மார்கழியில் குல்லா போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு, அது சுகத்துக்காக. ஆகவே டீச்சர் சிம்மக்கல்லில் கல்லுப்பு வாங்கிவரச் சொல்லி, ஐஸை உடைத்து, உப்பைக் கலந்து, அதற்குள் எண்ணெய்க் குழாயை நட்டு, அவ்வப்போது எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார். எண்ணெய் அசைந்தால் பாஸ். அசையாமல் நின்றால் ஃபெயில்.

மூன்று பாட்டிலும் விளக்கடியிலிருந்து வந்தன. மூன்றும் அசைந்தன.

“முதல் வகுப்பு,” என்றார் டீச்சர்.

சோலை அண்ணன் அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னையும் ஒரு தரம் பார்த்தார். அந்த வரிசை எனக்குச் சரியாகத்தான் பட்டது.

போர்வை கேட்ட எண்ணெய்

முதல் சரக்கு பாண்டியம்மாவுக்குத்தான் போனது. வீட்டுக்காரர் மாட்டோடும் நிலத்தோடும் நிற்க, ஐஸ் ஃபேக்டரியைத் தனியாக நடத்துகிற மனுஷி. மீன் வண்டிக்காரர்கள் முழுக்க அவரை நம்பித்தான். கம்ப்ரஸர் சத்தத்தைக் காதால் கேட்டே அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவார்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

“தம்பி, உங்க எண்ணெய்க்குக் குளிருது.”

“அக்கா?”

“குளிருதுங்கிறேன். அடியில குழாயத் தொறந்தா எறங்க மாட்டேங்குது. நெய்யி கணக்கா நிக்குது. போர்வை வேணும்னு கேக்குது. கொண்டாந்து போத்திவிடுங்க.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கம்ப்ரஸர் நின்றிருந்தது. அந்த நிசப்தம் சங்கடமாக இருந்தது. வாசலில் மீன் வண்டிகள். பாண்டியம்மா திட்டவில்லை. ஒரு மரக்குச்சியால் குழாய் வாயிலிருந்து எங்கள் எண்ணெயைத் தோண்டி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கைச் சூட்டில் உருகி, மறுபடி பழைய தேன் நிறமாகி, அப்பாவி மாதிரி விரலிடுக்கில் ஓடியது.

“கையில நல்லாத்தான் ஓடுது,” என்றார் பாண்டியம்மா. “என் மிஷினுக்குக் கை இல்லையே.”

திரும்பி வரும் வழியில், நாகமலை பக்கம் வந்தபோது சோலை அண்ணன், “வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர வரச் சொல்றேன் மாப்ள. சும்மா அளந்து பாக்கத்தான்,” என்றார். சும்மா அளந்து பார்ப்பதற்கு எவரும் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதில்லை. சன்னலுக்கு வெளியே மலை நீளமாகக் கூடவே வந்தது.

காய்ச்சலில் கிடந்த பாட்டில்

பேரலிலிருந்து நேராக எடுத்த எண்ணெயை டீச்சர் மறுபடி சோதித்தார். ஃபெயில். முதல் சோதனைக்குப் பிறகு மறுபடி அலமாரிக்கே போயிருந்த பாட்டிலைச் சோதித்தார். பாஸ். இரண்டும் ஒரே வாலை, ஒரே நாள், ஒரே எண்ணெய். ஒரே வயிற்றில் பிறந்த ரெட்டைப் பிள்ளைகளில் ஒன்று முதல் வகுப்பு, ஒன்று ஃபெயில்.

நான் என் படிப்புக்கேற்ற சந்தேகங்களை வரிசையாகப் பட்டேன். பேரலில் தண்ணீர் புகுந்திருக்கும். லாரிக்காரர் வெயிலில் நிறுத்தியிருப்பார். பாண்டியம்மாவின் மிஷினில் பழைய எண்ணெய் மிச்சம் இருந்திருக்கும். எதுவும் நிற்கவில்லை.

மூன்றாவது பாட்டிலை எடுக்க டீச்சரே எழுந்து அலமாரிக்குப் போனார். தொட்டவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். புடவைத் தலைப்பை மடித்துப் பிடித்துப் பாட்டிலை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார்.

“தொட்டுப் பாருங்க சார். காய்ச்சல்ல கிடக்கு.”

விளக்கின் சுடரை ஒட்டி ஒரு தகடு. தகட்டின் மேல் பாட்டில். ஒரு பகல், ஓர் இரவு. அடுப்பில் வைத்த மாதிரிதான்.

அப்புறம் விளங்கிவிட்டது. மெழுகுள்ள எண்ணெய்க்கு ஞாபகம் உண்டு. அதற்குள் கரைந்திருக்கும் மெழுகு, முன்பு பட்ட குளிரையும் சூட்டையும் சுலபத்தில் மறப்பதில்லை. அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சாக மிச்சம் இருக்கும். குளிர் வந்ததும் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு பழையபடி திரண்டுவிடும். நன்றாகச் சூடாக்கிவிட்டால் முடிச்செல்லாம் கரைந்து, மறதி வந்துவிடும். அப்போது அதைக் குளிரில் வைத்தால், எப்படித் திரள்வது என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பழைய எண்ணெயில் மெழுகே இல்லை. அதை விளக்கடியில் வைத்தாலும் ஒன்றுதான், கிணற்றடியில் வைத்தாலும் ஒன்றுதான். அதனால் இத்தனை வருஷமும் வழக்கம் யாரையும் கடிக்கவில்லை.

வாராவாரம் நினைவுகளை எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு அந்தப் பாட்டிலைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நானும் இதைத்தானே செய்கிறேன். பழையதை எடுத்து விளக்கடியில் வைத்து, முடிச்செல்லாம் கரைந்து, தெளிவாகப் பொன்னிறமாக ஓடும்போது வாசகர்களுக்கு நீட்டுகிறேன். அதே சம்பவத்தை என் மனைவி பேரலிலிருந்து நேராக எடுத்துச் சொல்வாள். அது வேறு மாதிரி இருக்கும்.

சோலை அண்ணனிடம் சொல்வதுதான் பெரிய வேலையாக இருந்தது.

“சாமி மேல தப்புங்கிறியா மாப்ள?”

“சாமி மேல இல்லண்ணே. விளக்கு மேல.”

“விளக்கு யாருக்கு ஏத்துறது? உனக்கா?”

டீச்சர் குறுக்கே வந்தார். “பரீட்சை முடிச்சிட்டுக் கும்பிடுவோம் சார். எங்க பிள்ளைக முன்னாடியே கும்பிட்டாங்க, ஒருத்தருக்கும் மார்க் மாறினது இல்ல. இங்க மாறியிருச்சு. அது தப்பில்லையா?”

மார்க் மாறியதில் சாமிக்கு இருந்த செல்வாக்கை நினைத்துப் பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று சோலை அண்ணனுக்கு முடிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தார். டேப்பை நீட்டி டவரைச் சுற்றி அளந்தார். காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, டவரின் இடுப்பில் பெரிய எழுத்தில் ஏதோ குறித்தார். வெயிலில் அந்த வெள்ளை எழுத்து மட்டும் கண்ணில் குத்தியது. “அடுத்த வாரம் டவர அறுக்க கேஸ் கட்டிங்குக்கு ஆள் அனுப்பவா?” என்றார். “சொல்லி அனுப்புறேன்,” என்றார் சோலை அண்ணன். முடியாது என்று சொல்லவில்லை.

குளிர் இருக்கும் வீடு

மெழுகை மறக்கவைத்துப் பயனில்லை. வெளியே எடுக்க வேண்டும். எடுப்பதற்கு ஒரே வழி, எண்ணெயை நன்றாகக் குளிரவைத்து, மெழுகு திரண்டதும் வடிகட்டுவது. பெரிய ஆலைகளில் இதற்கென்றே குளிர் மண்டபங்கள் உண்டு. எங்களிடம் இருந்தது தண்ணீர்ப் பானை ஒன்று.

மதுரையைச் சுற்றி அம்புட்டுக் குளிர் யாரிடம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போனால், யோசனை நேராக ஒரு வாசலில் போய் நின்றது. நாங்கள் யாருடைய மிஷினை நிறுத்தினோமோ, அவர் வாசலில்.

மிச்சமிருந்த பழைய எண்ணெயை ஊற்றியதில் கம்ப்ரஸர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. பாண்டியம்மா நாற்காலி போடச் சொல்லி, நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“அதாவது,” என்றார், “என் மிஷின நிப்பாட்டுன எண்ணெய, என் தொட்டியிலயே போட்டுக் குளுப்பாட்டி, மறுபடி எனக்கே விக்கப் போறீங்க.”

“சுருக்கமாச் சொன்னா அப்படித்தான்க்கா,” என்றேன்.

“விரிவாச் சொன்னா?”

“விரிவாச் சொன்னாலும் அப்படித்தான்.”

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சோலை அண்ணனைப் பார்த்தார். “அண்ணே, ஒங்க எண்ணெய் நின்னுபோனா நான் வெளியூர்ல இருந்து வரவைக்கணும். அவன் வந்தா வந்தான், வரலைன்னா இல்ல. நடுச்சித்திரையில மிஷின் நின்னா இவிங்க மீனு நாறிப்போகும். அதுக்காக விடுறேன். மூலையில நாலு ஓட்டைக் கேன் கெடக்கு, பத்தவச்சு எடுத்துக்கங்க. ஆனா என் ஐஸ்ல எண்ணெய் வாடை ஒரு பொட்டு வந்துச்சு, இந்த இஞ்சினியர்த் தம்பிய கேன்ல எறக்கிப் பலகைய மூடிருவேன்.”

“உறையறதுக்கு நேரமாகும்மா,” என்றார் சோலை அண்ணன். “உடம்பு முழுக்க வடை.”

அந்த வழியில் வந்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன விடிகாலை. மூன்று எண்ணெயும் மூன்று கேனில் இறங்கின. குளிரூட்டும் குழாய்ச் சுருளை ஒட்டினாற்போல, அதிகக் குளிர் இருக்கும் மூலையில். முதல் தரம் வேகமாகக் குளிரவைத்தோம். மெழுகு மாவு மாதிரி பொடிந்து, வடிகட்டும் துணியை அடைத்துவிட்டது. அப்போதுதான் அந்த அலமாரிப் பாட்டில் உதவிக்கு வந்தது. முதலில் வாலையிலேயே நன்றாகச் சூடாக்கி, பழைய முடிச்செல்லாம் கரையவிட்டு, பிறகு அவசரப்படாமல், இரவு முழுக்க மெல்ல மெல்லக் குளிர விட்டோம். அப்படி விட்டால் மெழுகு பெரிய பெரிய இதழாகத் திரண்டது. துணியில் நின்றது. எண்ணெய் மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

விளக்கு செய்த தவற்றைத்தான் நாங்கள் வேலையாக மாற்றிக்கொண்டோம். மறக்கவைத்துவிட்டுப் பிறகு நிதானமாக நினைவுக்குக் கொண்டுவருவது. சோலை அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப சாமி சொன்னதுதான் சரி,” என்றார்.

மூன்றுக்கும் மூன்று நடை. மரப்பெட்டி வாசனை சீக்கிரம் திரண்டது. மழைமண் வாசனை சோம்பேறி. வாசனை இல்லாதது கடைசிவரை தெளிவாகவே இருந்து, நம்பிக்கை போய் நாங்கள் டார்ச்சை அணைக்கப் போன நேரத்தில் மேகம் காட்டியது. அதுதான் டீச்சர் மெதுவாகப் பேசச் சொன்ன மேகம்.

வடித்ததில் உறைவதைத் தடுக்கும் மருந்தை அளவாகக் கலந்தோம். டீச்சர் இந்தத் தடவை பேரலிலிருந்து நேராக எடுத்துச் சோதித்தார். அசைந்தது. மூன்றும். அவர் முதல் வகுப்பு என்று சொல்லவில்லை. “பாப்போம்,” என்றார். நானும் பாராட்டுக்காக யாரையும் பார்க்கவில்லை. பேரல்கள் வாடிப்பட்டிக்குப் போயின. டவரின் இடுப்பில் சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது.

மத்தியானத்தில் வந்த பார்

நாள்கள் போயின. போன் வரவில்லை. நான் போன் செய்யவும் இல்லை. சோலை அண்ணன் தினமும் சாயங்காலம் டவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பழைய இரும்புக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டதாகக் கேள்வி.

ஒரு மத்தியானம். கப்பலூரில் தார்ச்சாலை உருகி, எதிரே நிற்கும் லாரிகள் தண்ணீரில் நிழல் மாதிரி நெளிந்துகொண்டிருந்த நேரம். பாண்டியம்மாவின் மூன்று சக்கர வண்டி உள்ளே வந்தது. பின்னால் சாக்கும் உமியும் போர்த்திய ஒரு நீள் மூட்டை.

“அக்கா குடுக்கச் சொன்னாக,” என்றார் வண்டிக்காரர். “போன்ல பேசுனா இஞ்சினியர் நம்ப மாட்டாரு, கண்ணால பாக்கட்டும்னாக.”

சாக்கை விலக்கினோம். உள்ளே ஒரு முழு ஐஸ் பார். ஓரமெல்லாம் வெள்ளை, நடுவில் கண்ணாடி மாதிரி தெளிவு. அந்தத் தெளிவுக்குள்ளே, உறைந்துபோன தண்ணீரின் மையத்தில், நாங்கள் பேரலோடு அனுப்பிய சாம்பிள் பாட்டில் ஒன்று. மூடியில் டீச்சரின் கையெழுத்து. கேனில் தண்ணீர் ஊற்றும்போதே பாட்டிலை நூலில் கட்டித் தொங்கவிட்டு உறையவைத்திருக்கிறார் பாண்டியம்மா.

சோலை அண்ணன் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறு முனையை. உள்ளங்கை எரிந்தது. டீச்சர் வெயிலிலேயே குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பாட்டிலுக்கு நேரே முகத்தை வைத்தார்.

“சாயுங்க,” என்றார்.

சாய்த்தோம்.

பனிக்கட்டிக்குள்ளே பொன்னிறம் மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. அதன் தலையில் இருந்த ஒரே ஒரு காற்றுக்குமிழி, அவசரமில்லாமல், கனவில் நடக்கிறவர் மாதிரி, பாட்டிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் நின்றது.

“இன்னொரு தரம்,” என்றார் டீச்சர்.

மறுபடி சாய்த்தோம். குமிழி திரும்பி வந்தது. மூன்றாவது தரம் எவரும் சொல்லாமலே சாய்த்தோம். நான்காவதும். வண்டிக்காரர் எங்களை ஒருமாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

பாரை வேப்பமர நிழலில் கிடத்தினோம். சோலை அண்ணன் இரண்டு கைகளையும் அதன் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். அலமாரிப் பக்கம் போவார் என்று நினைத்தேன். அவர் வெயிலில் இறங்கி நேரே டவருக்குப் போனார். விரல் நுனியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரக் கையால், டவரின் இடுப்பில் இருந்த சாக்பீஸ் எழுத்தை, குழந்தை வாயைத் துடைத்துவிடுகிற மாதிரி ஒரே துடையாகத் துடைத்தார்.

அந்த வெயிலில் ஈரம் காய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிட்டது. இரும்பு மட்டும் இருந்தது.

“மாப்ள,” என்றார் திரும்பாமலே, “வாலையப் பத்தவை.”